ஆமாவின் கெண்டி

கோரக்பூர் வரைக்கும் ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, நடுவில் ஒரு நாட்டின் எல்லையைக் கைப்பையோடு நடந்தே தாண்டி, மறுபடியும் பஸ்ஸேறி, கடைசியில் பஸ்ஸும் போகாத மேட்டில் மூச்சு வாங்க ஏறி, எங்கள் பனியன் கம்பெனி துளசிமணி நேபாளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். அந்தக் கதையை அவள் எங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு செக்கிங் டேபிளில் நாங்கள் மற்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிச் சொல்லி, எது நடந்தது எது நடக்காதது என்று இப்போது துளசிமணிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் சொல்வதுதான் சரி. மற்றவர்கள் தண்ணீரைப் பற்றியே பேசுவார்கள், நான் துளசிமணியைப் பற்றியும் சொல்வேன்.

துளசிமணிக்கு ஐம்பத்தொரு வயது, புருஷன் இல்லை, பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருதரம் தூக்கிப் பிடித்தாளென்றால் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள், தப்பு செய்த டைலர் யாரென்றும் சொல்லிவிடுவாள். அவளுக்குத் தாரணி என்று ஒரே மகள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தாரணி வேறு சாதிப் பையனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டாள், வா அம்மா என்று கெஞ்சிக் கூப்பிட்டும் துளசிமணி போகவில்லை. அன்றிலிருந்து மகளோடு பேச்சு கிடையாது, எங்களில் யாராவது வாய்தவறித் தாரணி பெயரை எடுத்தால் அவள் அடுத்த பீஸை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான், அதற்கு மேல் அவளிடம் யாரும் பேசமாட்டோம்.

ஜுனேலி நேபாளத்துப் பெண். நான்கு வருஷம் துளசிமணியின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பக்கத்து லைன்வீட்டிலேயே குடியிருந்து, அவளிடமே தமிழ் கற்றுக்கொண்டதால் எங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுவாள். ஊரில் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் பதினொரு பேரையும் கூப்பிட்டாள், பதினொரு பேரும் வருகிறோம் என்று தலையாட்டினோம், போனது துளசிமணி மட்டும்தான். இமயமலையைப் பார்க்கப் போகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு கல்யாணத்துக்குப் போகாத கால் இன்னொரு கல்யாணத்துக்காவது போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஊரின் பெயர் மூல்டாண்டா. மூல் என்றால் ஊற்று, டாண்டா என்றால் மலைமேடு, நம்மூராக இருந்தால் ஊற்றுமேடு என்று பெயர் வைத்திருப்போம். மேடு இருந்தது, ஊற்றுதான் இல்லை, அது வற்றிப் பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் செங்குத்தான பாதையில் இரண்டு மணி நேரம் கீழே இறங்கி ஆற்றுக்குப் போய், குடத்தைக் கூடையில் வைத்து, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, மறுபடியும் இரண்டு மணி நேரம் மேலே ஏறவேண்டும். ஜுனேலியின் அம்மா இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அப்படித் தண்ணீர் எடுக்க இறங்கிப் போனவள்தான், பனியில் வழுக்கி விழுந்து அங்கேயே போய்விட்டாள். குடம் மட்டும் நசுங்காமல் வீடு வந்து சேர்ந்தது.

துளசிமணி போய்ச் சேர்ந்ததும் ஜுனேலியின் அப்பா கும்பசிங் எதிரே வந்து, வழியெல்லாம் கஷ்டமாக இருந்ததா என்று அவர் பாஷையில் கேட்டார். கேட்டதற்கெல்லாம் ஒத்துப்போவதுதான் விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்து இவள் "ஆமா" என்றாள். எங்கள் பக்கம் பெரியவர்களிடம் ஆமாங்க என்றுதான் சொல்வோம், பாஷை தெரியாதவருக்கு 'ங்க' எதற்கு என்று அதை மிச்சம் பிடித்திருக்கிறாள். பசிக்கிறதா? ஆமா. குளிருகிறதா? ஆமா. நீங்கள் ஜுனேலிக்கு யார்? அதற்கும் ஆமா. சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், ஏனென்றால் அவர்கள் பாஷையில் ஆமா என்றால் அம்மா. எதைக் கேட்டாலும் அம்மா அம்மா என்று மாற்றாமல் சொல்கிறவளை எப்படி நம்பாமல் இருப்பது? தெற்கே எங்கேயோ ஜுனேலிக்கு ஒரு அம்மா கிடைத்திருக்கிறாள், கல்யாணத்துக்கு வந்தும்விட்டாள் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது. எதிரே வருகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்து "ஆமா" என்று கைகூப்பினார்கள், இவள் தன்னைக் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்து "ஆமா, ஆமா" என்றாள். இரண்டு ஆமாவும் தெரிந்தவள் ஜுனேலி ஒருத்திதான், அவள் வாயைத் திறக்கவில்லை.

கல்யாணம் மறுநாள் காலையில். மாப்பிள்ளை நவராஜ் இரண்டு மலை தள்ளிப் பள்ளிக்கூட வாத்தியார், அவன் ஆட்கள் கொம்பும் மேளமும் சின்ன நாதஸ்வரம் மாதிரி ஒன்றுமாக ஊதி அடித்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தார்கள். ஜுனேலி சிவப்புச் சேலையில் சிவப்பு முக்காடு போட்டு வந்து, அறுகம்புல்லில் கட்டிய நீளமான மாலையை அவன் கழுத்தில் போட்டாள். பிள்ளையாருக்குப் போடுகிற அறுகை மனுஷனுக்குப் போடுகிறார்களே என்று துளசிமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மச்சினிகள் மாப்பிள்ளையின் ஷூவைத் திருடி ஒளித்துவைத்தார்கள். அது வரைக்கும் எல்லாம் எல்லாக் கல்யாணத்திலும் நடக்கிறபடிதான் நடந்தது.

பிறகு கால் கழுவும் சடங்கு. பெண்ணும் மாப்பிள்ளையும் பித்தளைத் தாம்பாளத்தில் காலை வைத்துக்கொண்டு உட்கார, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தண்ணீர் விட்டுக் கழுவி, உள்ளங்கையில் ஒரு சொட்டு எடுத்து வாயில் விட்டுக்கொள்ள வேண்டும். எல்லோரும் கழுவிய பிறகு கடைசியாகப் பெண்ணின் அம்மா கழுவவேண்டும் என்பது மூல்டாண்டாவுக்கே உள்ள வழக்கம். அம்மா கழுவினால்தான் பெண் தாம்பாளத்திலிருந்து காலை எடுக்கலாம், எடுத்த கால் பிறந்த வீட்டு மண்ணில் படாமல் முதுகில் தூக்கிப்போய்ப் பல்லக்கில் ஏற்றுவார்கள். அம்மா இல்லாத பெண்ணுக்குச் சித்தி கழுவலாம். தண்ணீர் விடுவதற்கு ஜுனேலியின் அம்மா தன் கல்யாணத்தில் கொண்டுவந்த கெண்டியை எடுத்து வைத்திருந்தார்கள். வெண்கலத்தில் குண்டு வயிறும் வளைந்த மூக்குமாக, அச்சு அசல் நம்மூர்க் கெண்டிதான்.

கும்பசிங் முதலில் தண்ணீர் விட்டார். பெரியப்பா, மாமா, அத்தை என்று வரிசையாக வந்து விட்டார்கள். பதினைந்தாவது ஆளோ பதினாறாவது ஆளோ விடும்போதுதான், காலையில் ஒரு தடவை நிரப்பி வைத்த கெண்டி இன்னும் நிறைந்தே இருப்பதைச் சித்தி தில்மாயா பார்த்தாள். பண்டிதர் கெண்டியைத் தூக்கிப் பார்த்தார், கனமாக இருந்தது, கீழே வைத்தார். "அம்மா இன்னும் வரவில்லை. அம்மா வரும்வரை தண்ணீர் நிற்காது" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மந்திரத்தைத் தொடர்ந்தார். தாம்பாளம் நிறைந்து வழிந்தது, வழிந்த தண்ணீர் பந்தலைத் தாண்டிப் பாதையில் இறங்கிப் போனது, தில்மாயா சத்தமில்லாமல் எழுந்துபோய் ஒரு குடத்தைக் கொண்டுவந்து அது போகிற வழியில் வைத்தாள்.

அவ்வளவுதான், அற்புதம் நடந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, ஊர்க்காரர்கள் செய்ததைத்தான் சொல்லவேண்டும்.

அவர்கள் முதலில் பாத்திரங்களைக் கொண்டுவந்தார்கள். குடம், அண்டா, பால் கேன், பெயின்ட் டப்பா, யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டில் கூட வந்தது. கெண்டியைக் கையில் வாங்கி நேராகக் குடத்தில் சாய்த்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டு விழவில்லை, மாப்பிள்ளை காலில் தனியாகச் சாய்த்தார்கள், அதற்கும் வரவில்லை, ஜுனேலியின் கால் இருந்தால்தான் வந்தது. அதுவும் உறவுக்காரர் விட்டால்தான் வந்தது. ஆகவே உறவு தேடினார்கள். பாதைத் தகராறில் பன்னிரண்டு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்காரர்கள், கொள்ளுத்தாத்தாக்கள் அண்ணன் தம்பி என்பதை ஞாபகப்படுத்திக்கொண்டு, கைகோத்து வந்து கால் கழுவினார்கள். அடுத்த மேட்டுக்காரர்களும் அதற்கடுத்த மேட்டுக்காரர்களும் தாங்களும் ஒருவகையில் சொந்தம்தான் என்று வந்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டார்கள். சாயங்காலம் வந்தது, வரிசை முடியவில்லை. மறுநாள் வந்தது, அன்றும் முடியவில்லை.

இத்தனை நாள் ஜுனேலி எப்படித் தூங்கினாள், மற்றதெல்லாம் எப்படி என்று எங்கள் டேபிளில் கேட்காதவர்கள் கிடையாது. அதற்குப் பண்டிதர் ஒரு வழி செய்து கொடுத்தார். காலில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு எங்கேயும் போய்வரலாம், துணி காயாதவரை கால் தாம்பாளத்திலேயே இருப்பதாகத்தான் அர்த்தம் என்றார். பண்டிதர்கள் நினைத்தால் வழியா இல்லை!

தண்ணீர் கிடைத்த ஊர் எப்படியிருக்கும் என்று பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் பார்க்கிற எங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பதினான்கு வருஷத்து அழுக்குப் போர்வைகளெல்லாம் வேலிகளில் காய்ந்தன. எருமைகளைக் குளிப்பாட்டியபோதுதான் அவற்றில் ஒன்று வெள்ளையென்று தெரிந்தது. தில்மாயா இடுப்புவரை இருக்கிற தன் கூந்தலை வெந்நீரில் அலசி வெயிலில் விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தாள், யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லாமல் சும்மா சிரித்தாள். நான்காம் நாள் வார்டு தலைவர் வந்து, தாம்பாளத்துக்குக் குறுக்கே ஒரு ரிப்பனைக் கட்டி வெட்டித் திறந்துவைத்தார். ஐந்தாம் நாள் அதன் விளிம்பில் அரை அங்குல பிளாஸ்டிக் குழாயை மாட்டி, கடுகுத் தோட்டத்துக்கு இழுத்தார்கள். அந்தப் பிளம்பரும் பெண்ணுக்குத் தூரத்துச் சொந்தமாம், வேலையை முடித்துவிட்டுக் காலையும் கழுவிவிட்டுப் போனான்.

இதில் யாரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். நெற்றியில் பட்டை போட்டுச் சுமந்து சுமந்து மண்டையில் பள்ளம் விழுந்த பெண்கள் அவர்கள். ஆனாலும் ஜுனேலி அங்கே உட்கார்ந்திருந்தாள். கால்விரல்கள் ஊறி ஊறிச் சுருங்கி வெளுத்துப்போயிருந்தன. பக்கத்தில் நவராஜின் கழுத்தில் இருந்த அறுகம்புல் மாலை ஈரத்தில் துளிர்த்து வேர் விட்டிருந்தது, அவன் பாவம், அதைக் கழற்றலாமா கூடாதா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஷூவை ஒளித்துவைத்த மச்சினிகளுக்கு ஒளித்த இடமே மறந்துபோயிருந்தது. மேளக்காரர்கள் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பி வாசித்தார்கள்.

கடைசியாகக் கழுவவேண்டிய சித்தி தில்மாயாவுக்குத் தினம் ஒரு காரணம் வந்தது. ஒருநாள் காய்ச்சல். ஒருநாள் தூரத்து உறவில் சாவு, தீட்டு. ஒருநாள் விரதம். ஒருநாள் காரணம் எதுவும் கிடைக்காமல், கை வலிக்கிறது என்றாள். அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும், அத்தனை பேரும் அவளிடம் உடம்பை விசாரித்தார்கள். கும்பசிங் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் தன் பெண்டாட்டியின் கெண்டியிலிருந்து வருகிறது, மகள் இன்னும் தன் வாசலில் இருக்கிறாள், அந்த மனுஷனால் என்ன சொல்லமுடியும்?

துளசிமணிக்கு மட்டும் ஏக உபசாரம். ஜுனேலிக்குப் பக்கத்தில் உட்காரலாமென்று அவள் கெண்டி இருக்கும் பக்கம் இரண்டடி எடுத்துவைத்தால் போதும், யாராவது ஒரு பெண் ஓடிவந்து "ஆமா, ஆமா" என்று கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப்போய்ச் செல் ரொட்டி கொடுத்துவிடுவாள். அரிசிமாவில் வளையம் வளையமாகச் சுடுகிற பலகாரம் அது. ஒருநாளைக்கு எட்டு, பத்து என்று தின்று அவளுக்கு ஜாக்கெட் பிடிக்க ஆரம்பித்தது. விருந்தாளியை இப்படித் தாங்குகிற ஊரைப் பார்த்ததேயில்லை என்று உருகிப்போனாள். ஒரு வார லீவு முடிந்துவிட்டது, சூப்பர்வைசர் என்ன சொல்வானோ என்ற கவலைகூட அவளுக்கு மறந்துவிட்டது.

ஒன்பதாம் நாள் காலையில் நவராஜின் அப்பா எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேசினார். மறுநாள் அவர்களுக்குச் சைத்ர மாதம் பிறக்கிறது, நமக்குப் பங்குனி பிறக்கிற அதே நாள். சைத்ரத்தில் அங்கே கல்யாணம் செய்யமாட்டார்கள். இன்று சூரியன் மறைவதற்குள் பெண் காலை எடுக்காவிட்டால் இந்தக் கல்யாணம் கல்யாணமாகாது, நாங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஊர் தலையைக் குனிந்துகொண்டது. தில்மாயா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

ஜுனேலி அழவில்லை. கொஞ்சம் கழித்து எல்லோரும் சாப்பிடப்போன நேரத்தில், துளசிமணியைக் கண்ணாலேயே கூப்பிட்டாள். முக்காட்டுக்குள்ளிருந்து தமிழில் பேசினாள்.

"அக்கா, உங்கள இவங்க ஏன் ஆமான்னு கூப்பிடறாங்க, தெரியுங்களா?"

"நான் சொல்றதையே திருப்பிச் சொல்லிக் கிண்டல் பண்றாங்க, வேறென்ன?"

"கிண்டல் இல்லீங்கக்கா. எங்க பாஷையில ஆமான்னா அம்மா. வந்த அன்னிக்கு எங்கப்பா கேட்டதுக்கெல்லாம் அம்மா, அம்மான்னு சொல்லி வெச்சிருக்கீங்க."

"அட கெரகமே!" துளசிமணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஏன் அம்முணி, நீ ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்ல மனசு வரலீங்க." ஜுனேலி தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க ஊத்துனா இது முடிஞ்சுரும்ங்கக்கா. அது தெரிஞ்சுதான் உங்களக் கெண்டிகிட்ட விடாம ரொட்டியக் குடுத்துக் குடுத்துக் கூட்டிட்டுப் போறாங்க."

ஒன்பது நாள் உபசாரமும் துளசிமணிக்கு அப்போதுதான் விளங்கியது. தின்ற ரொட்டியெல்லாம் நெஞ்சில் வந்து நின்றது.

"நானா?" என்றாள். "பெத்த புள்ள கல்யாணத்துக்கே போவாதவ நான். அன்னிக்குச் சீலையெல்லாம் கட்டிக் கெளம்பி, கதவப் பூட்டி, மறுக்காத் தொறந்து உள்ள போய் உக்காந்துட்டேன். எனக்கு அம்மான்னு வந்து தண்ணி ஊத்த என்ன யோக்கியதை இருக்குது?"

"தெரியுமுங்க. நான் பக்கத்து வீட்டுலதானே இருந்தேன்." ஜுனேலி இப்போது முக்காட்டை விலக்கி அவளைப் பார்த்தாள். "அன்னிக்குத் தாரணி எனக்குத்தான் போன் பண்ணுனா. அம்மா கெளம்பிட்டாங்களான்னு கேட்டா. ஏழு தடவ பண்ணுனாங்கக்கா. நீங்க உள்ள இருக்கறது தெரிஞ்சும் ஏழு தடவையும் நான் ஆமான்னுதான் சொன்னேன். அத நம்பிக்கிட்டு ஆபீஸ் மூடற வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தா."

துளசிமணி அழுதாள். மூன்று வருஷமாக அடுத்த பீஸ், அடுத்த பீஸ் என்று இழுத்து இழுத்துத் தள்ளிவைத்த அழுகை அது, சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த ஏழும் பொய்யிங்கக்கா," என்றாள் ஜுனேலி. "இந்த ஒண்ணாவது நெசமா இருக்கட்டுமுங்க."

துளசிமணி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, கெண்டியைப் பார்த்து நடந்தாள். ஒரு பெண் தட்டு நிறையச் செல் ரொட்டியோடு ஓடிவந்தாள், துளசிமணி அதை வாங்கிப் பக்கத்திலிருந்த எருமையின் முன்னால் வைத்துவிட்டு மேலே நடந்தாள். கடைசியில் தில்மாயா குறுக்கே வந்து நின்றாள். மிரட்டுவதற்காக வந்து நிற்கவில்லை, அவள் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. அலசி உலர்ந்த தன் கூந்தலை முன்னால் எடுத்துப்போட்டுக் காட்டி, ஒரு விரலைத் தூக்கி, இன்னும் ஒரு நாள், ஆமா, ஒரே ஒரு நாள் என்று கெஞ்சினாள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு ஓடிய ஓட்டமெல்லாம் துளசிமணிக்கு ஞாபகம் வந்தது. அவளுக்கு அடுத்த அடி எடுத்துவைக்க முடியவில்லை. தில்மாயாவைத் தள்ளிவிட்டுப் போக அவளுக்கு மனசு இல்லை.

அப்போதுதான் கும்பசிங் எழுந்தார். ஒன்பது நாளாக உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து வந்து, கெண்டியை இரண்டு கையாலும் எடுத்தார்.

"தண்ணீருக்காகப் பெண்டாட்டியைக் கொடுத்தேன்," என்று தில்மாயாவிடம் சொன்னார். "மகளையும் கொடுக்கச் சொல்லாதே, தில்மாயா."

தில்மாயா விலகிக்கொண்டாள். கும்பசிங் கெண்டியைத் துளசிமணியின் கையில் கொடுத்தார். பண்டிதர் சாப்பாட்டுக் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்து உட்கார்ந்து, முறைப்படி கேட்கவேண்டியதைக் கேட்டார். பெண்ணுக்கு நீ யார்?

இந்தத் தடவை துளசிமணிக்குக் கேள்வியும் புரிந்தது, பதிலும் புரிந்தது.

"ஆமா," என்றாள்.

கெண்டியைச் சாய்த்தாள். எங்கள் பக்கம் பெண்ணைக் கொடுக்கும்போது தாரை வார்ப்பதென்று சொல்வோம், இத்தனை கல்யாணம் பார்த்தும் அந்த வார்த்தைக்குள் இத்தனை தண்ணீர் இருக்குமென்று அவளுக்குத் தெரியாது. நீளமாக, ஒரே சீராக விழுந்தது. ஊறி வெளுத்த அந்தக் கால்களை விரல் விரலாக, இடுக்கு இடுக்காகக் கழுவினாள், கழுவும்போது தாரணியின் வலது குதிகாலில் சைக்கிள் சக்கரம் பட்ட தழும்பை ஜுனேலியின் காலில் தேடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கே கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு சொட்டை உள்ளங்கையில் எடுத்து வாயில் விட்டுக்கொண்டாள். உப்புக் கரிக்கிற எங்கள் சப்பத்தண்ணி மாதிரி இல்லாமல் இனித்ததாம். கெண்டி களக்கென்று ஒரு சத்தம் போட்டது, மூக்கில் ஒரு துளி நின்றது, அதுவும் விழுந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கடுகுத் தோட்டத்துக் குழாய் கொஞ்ச நேரம் காற்றை ஊதிவிட்டு நின்றது. ஜுனேலி தாம்பாளத்திலிருந்து காலை எடுத்தாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மாப்பிள்ளையின் ஷூ அரிசிப் பானைக்குள் கிடைத்தது. அறுகம்புல் மாலையின் வேர்களை யாரோ பக்குவமாக வெட்டிவிட்டார்கள். பெரியப்பா மகன் ஒருவன் ஜுனேலியை முதுகில் தூக்கிப்போய்ப் பல்லக்கில் வைத்தான். ஒன்பது நாளில் முதல்முறையாக மேளக்காரர்கள் வேறு பாட்டு வாசித்தார்கள். பல்லக்குத் திரையை விலக்கி ஜுனேலி அழுதுகொண்டே "ஆமா" என்று கூப்பிட்டது துளசிமணியைத்தான். அவள் கூப்பிட்டது தமிழ் ஆமாவா நேபாள ஆமாவா என்று நாங்கள் துளசிமணியிடம் கேட்டோம், போங்கடி என்று சொல்லிவிட்டாள். கும்பசிங் கெண்டியைத் துடைத்து அவள் பையில் வைத்தார். அம்மாவுடையது அம்மாவுக்குத்தான் போகவேண்டும் என்று ஜாடை காட்டினார்.

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டியவள், தோளில் மாட்டிய பையோடு தில்மாயாவின் வீட்டு வாசலில் போய் நின்று, கூடையைக் கொடு என்று கையை நீட்டினாள். தண்ணீரை நிறுத்தியது நான், ஒரு நடையாவது நானும் சுமந்து கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று தமிழில் சொன்னாள். தில்மாயாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கூடையைக் கொடுத்தாள், பட்டையை எப்படி நெற்றியில் மாட்டுவதென்று காட்டியும் கொடுத்தாள். ஊர்ப் பெண்களோடு துளசிமணியும் இரண்டு மணி நேரம் கீழே இறங்கினாள். ஜுனேலியின் அம்மா விழுந்த இடம் வந்ததும் எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றார்கள், இவளும் நின்று கும்பிட்டாள். ஏறும்போது இரண்டு மணி நேரம் மூன்றரை மணி நேரமானது, பாதித் தண்ணீர் சேலையில்தான் சிந்தியது, தில்மாயா பத்தடிக்கு ஒருதரம் நின்று அவளைத் திட்டிக்கொண்டும் கூடையைச் சரிசெய்துகொண்டும் வந்தாள். துளசிமணி திட்டுக்கெல்லாம் "ஆமா, ஆமா" என்றாள். அந்தப் பேச்சில் இருவருக்கும் கோபம் தீர்ந்துபோனது.

மேட்டின் உச்சியில் ஒரு பாறை. அங்கேதான் அந்த ஊரில் போனுக்கு டவர் கிடைக்கும். எல்லோரும் சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கினார்கள். துளசிமணி முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தாள். மூன்று வருஷமாக முடிந்தே இருந்த சீட்டு. தில்மாயாவின் போனைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நம்பராகப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

"ஹலோ," என்றது தாரணியின் குரல். "யாருங்க?"

துளசிமணிக்கு வாய் வரவில்லை. காற்று சத்தம் மட்டும் போயிருக்கும்.

"அம்மாவா?" என்றாள் தாரணி.

"ஆமா," என்றாள் துளசிமணி.

அதற்கு மேல் இரண்டு பக்கமும் அழுகைதான். அந்த ஒரு வார்த்தை மட்டும் பாறையைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோருக்கும் நன்றாகப் புரிந்தது. அவள் தோளில் மாட்டியிருந்த பையில் கெண்டி மெல்ல மெல்லக் கனத்து நிறைந்து வழிய, இடுப்புப் பக்கமெல்லாம் நனைந்து, பையின் அடியிலிருந்து தண்ணீர் முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு ஒழுக்காகவும் பாறையில் விழுந்தது. தில்மாயா அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் தன் குடத்தை நகர்த்திக் கொண்டுவந்து அதன் அடியில் வைத்தாள்.